மறு கன்னமும் மவுனமும்

ஆசிரியருக்கு,

'தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்' (மத்தேயு 5:39) என்பதைக் காட்டி, கிறிஸ்தவர்கள் பலர் அநியாயத்தின் முன் வாய்மூடி இருக்கிறோம். அதைச் சொன்ன இயேசுவே, விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம் 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை.

சகோதரன் தவறு செய்தால் அதை எப்படிக் கேட்பது என்பதற்கு மத்தேயு 18:15-17 ஒரு வரிசை தருகிறது: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அப்புறம்தான் சபைக்கு. நாமோ முதல் நாளே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். அதனால் தவறு செய்தவர் மீதே பரிதாபம் திரும்பிவிடுகிறது.

ஆனால் சிறுவர் மீதான வன்கொடுமையை இதே வசனத்தைச் சொல்லித் தனியே பேசி முடிப்பது (இதுவும் நடக்கிறது) பெரும் பிழை. அது சகோதரர் பிணக்குக்கான வழி. குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்கிறது ரோமர் 13:4. உடனே காவல்துறைக்குப் போக வேண்டும். தன் மக்களை அழிவிலிருந்து காக்க, வேதாகமத்தில் வரும் ராணி எஸ்தரும் 3 நாள் உபவாசத்தோடு நின்றுவிடவில்லை, ராஜாவிடம் போனாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்