உன் ஹெரால்டை எங்கே நிறுத்துவது

மாப்ள,

வண்டிப் படம் பார்த்தேன். கொட்டகையில் கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்த அதே பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரா இது! நாலு கதவு மார்க் 3 மாடல், உடம்பு வெளிர்நீலம், கூரை வெள்ளை. பெயின்ட் அடித்தவர் கைக்கு ஒரு மோதிரமே போடலாம். உன் தங்கச்சியிடம் காட்டினேன், ஏசி உண்டா என்று கேட்டாள், அவளை விடு.

பொங்கலுக்கு வண்டியோடு வருகிறேன், பின்னால் பெரிய கட்டடம் தெரிகிற மாதிரி நாலைந்து இடம் பார்த்து வை என்று எழுதியிருக்கிறாய். கட்டடம் கிடக்கட்டும். நான் கார் படம் எடுக்க இடம் பார்க்கப் போனால் வண்டி நிற்கப்போகிற இடத்துக்குப் போய், முதுகைக் கட்டடத்துக்குக் காட்டிக்கொண்டு நின்று, எதிரே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். புது பெயின்ட் அடித்த கார் ஒரு நிலைக்கண்ணாடி. பின்னால் மாளிகையே இருந்தாலும் எதிரே மாநகராட்சிக் குப்பைத் தொட்டி நின்றால் உன் கதவில் தெரியப்போவது தொட்டிதான். அதுவும் ஹெரால்டு மாதிரி வளைந்த மட்கார்டு உள்ள வண்டியில் டீக்கடைக் குடை, மின்கம்பம், கேமராவோடு குந்தியிருக்கிற நான், எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரே வெறும் வானமோ, நீளமான ஒரே நிறச் சுவரோ இருந்தால் வண்டியின் வளைவு அப்படியே ஒரு கோடாக ஓடும். அவ்வளவுதான் ரகசியம்.

லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்புகிற போலரைஸர் கண்ணாடி போட்டால் இந்தப் பிரதிபலிப்பு போய்விடாதா என்று கேட்பாய். கொஞ்சம் போகும். ஆனால் கதவில் போகிற மாதிரி திருப்பினால் பானெட்டில் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அது ஒரு கோணத்தில் வருகிற பிரதிபலிப்பைத்தான் வெட்டும். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, திருப்பித் திருப்பி இரண்டு மூன்று எடுத்து, அப்புறம் கணினியில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் குரோம் வளையம் எதற்கும் மசியாது. உலோகத்தில் போலரைஸர் வேலை செய்யாது.

இந்தக் கணக்கில் பார்த்தால் மெரினாதான் ராஜா. காமராஜர் சாலையில் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ரெண்டும் கடலைப் பார்த்து நிற்கின்றன, ரெண்டும் வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டியவை. செங்கல் சிவப்புக்கு முன்னால் உன் வெளிர்நீலம், யோசித்துப் பார். எதிர்ப்பக்கம் மணலும் வானமும் மட்டும். ஜனவரி நடுவில் சூரியன் ஆறரை வாக்கில் தென்கிழக்கில் எழும், கட்டடத்தைப் பார்த்து நின்றால் நம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் சாய்வாக வரும். அரை மணி நேரம் அருமையாக இருக்கும், அதன்பிறகு வெள்ளைக் கூரை வெளிறிப்போகும்.

ஆனால் நாள் பார்க்க வேண்டும், அங்கேதான் சிக்கல். போகியன்று விடியற்காலையில் ஊரே புகை. சிலர் அந்த மங்கல் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பார்கள், புது பெயின்ட் மேல் கரி படிய நான் சம்மதிக்க மாட்டேன். காணும் பொங்கலன்று மெரினாவில் மனிதன் நிற்கவே இடமிருக்காது. அது முடிந்தால் குடியரசு தின ஒத்திகை, காமராஜர் சாலையை அடைத்துவிடுவார்கள். போதாததற்கு கலங்கரை விளக்கம், காந்தி சிலைப் பக்கம் மெட்ரோ வேலை, எந்த வாரம் தகரத் தடுப்பு எங்கே நிற்கும் என்று முதல் நாள் சாயங்காலம் நேரில் பார்த்தால்தான் உண்டு.

அதனால் பொங்கல் அன்றைக்கே காலையில் எடுத்துவிடலாம். பாதி சென்னை சொந்த ஊருக்குப் போயிருக்கும், வருஷத்தில் இந்த ஊர் இவ்வளவு காலியாக இருக்கும் காலை வேறு கிடையாது. மெரினா முடித்து ஏழரைக்கு நேராக ஜார்ஜ் டவுன். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு என்கிற ஆர்மீனியன் தெரு, எல்லாம் வடக்குத் தெற்காக ஓடுகிறவை, அதனால் வெயில் தரைக்கு இறங்க நேரமாகும். அதுவரை தெரு முழுக்க நிழல், மேலே ஒரு கீற்று வானம் மட்டும், அந்தக் கீற்று பானெட் நடுவில் வெள்ளைக் கோடாக விழும். மற்ற நாளில் அங்கே மீன்பாடி வண்டியும் லாரியும் விலகி வழி கிடைப்பதே பெரிய பாடு. மூடிய ஷட்டர், பழைய மரப் பலகணி, இதெல்லாம் ஹெரால்டின் காலத்துக்கு ஒத்துப்போகும். காளிகாம்பாள் கோயில் பக்கம் மட்டும் போக வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் இருக்கும்.

ரிப்பன் மாளிகை கேட்டிருந்தாய். 1913-இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம், இரவில் விளக்கு போட்டால் அழகுதான், ஆனால் உன் வண்டியைச் சின்னதாக்கிவிடும், பார்க்கிறவர் கண் கட்டடத்துக்குத்தான் போகும். போட் கிளப் சாலை மரங்களும் வேண்டாம். இலை நிழல் பெயின்ட்டில் சொறி பிடித்த மாதிரி தெரியும், அதோடு ஒவ்வொரு கேட்டிலும் ஒரு காவலாளி வந்து விசாரிப்பார். கத்திப்பாரா பாலத்தடி, தி.நகர் அடுக்குமாடி பார்க்கிங் எல்லாம் இன்றைக்கு வருகிற எஸ்யூவிகளுக்குச் சரி, ட்யூப்லைட் வரிசை பானெட்டில் கோடு போடும். ஹெரால்டுக்கு அது வேஷம். கோட்டை, துறைமுகம், உயர் நீதிமன்றம் பக்கம் கேமரா ஸ்டாண்டை வெளியே எடுக்கவே கூடாது. மற்ற இடத்தில்கூட போனில் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஸ்டாண்டை விரித்தால்தான் ரோந்து வண்டி நிற்கும், ஒரு வார்த்தை முன்கூட்டி ஸ்டேஷனில் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ஒரு ஆசை மட்டும் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது ஜிஎஸ்டி சாலை வழியாகத்தானே போவாய், பெருங்களத்தூரில் ஒரு ஐந்து நிமிடம் நிறுத்து. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்த பக்கம், இப்போது கண்ணாடி போட்ட ஐடி கட்டடங்கள். உன் வண்டி பிறந்த ஊர் அது. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி, ஆனால் இது மெட்ராஸ் வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அங்கே பானெட்டைத் திறந்து வைத்து ஒன்று எடுக்க வேண்டும். முன்பக்கம் முழுசும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்கிற அழகை இந்தக் காலத்துப் பையன்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சாலை ஓரம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பஞ்சுத் துணி நிறைய எடுத்து வா, கடற்காற்றில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்தால்தான் பானை பொங்கும்போது நாம் இருப்போம், இல்லாவிட்டால் உன் தங்கச்சி நம் இருவருக்கும் சேர்த்து வைப்பாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பெரியவன் வேலை மாறிவிட்டான், சம்பளம் கூட, தூக்கம் குறைவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அப்புறம், கோவையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறாயா, ஓட்டிக்கொண்டே வருகிறாயா? ஓட்டி வருவதானால் சேலத்தில் ஒரு ராத்திரி தங்கி வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்