காயப்பட்டவர்களின் கணக்கு: உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மதிப்பிற்குரிய உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் நான். போராட்டங்களில் காவல்துறையின் தடியாலும் துப்பாக்கியாலும் காயமடைந்தவர்கள், கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு என்ன ஆகிறார்கள் என்பதைப் பற்றியே இம்மடல். இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறோம். காயப்பட்டவர்களையோ, நிவாரணக் காசோலை கொடுத்த அன்றே மறந்துவிடுகிறோம்.

2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த நடவடிக்கைகளிலும் 13 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கையை அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த அவ்வறிக்கையைப் பற்றிப் பேசவும் வழக்காடவும் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது காயங்கள். அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அன்று அரசு அறிவித்த நிவாரணம் படுகாயத்துக்கு 3 லட்சம் ரூபாய், சிறு காயத்துக்கு 1 லட்சம் என்று தொடங்கி, சில நாட்களில் 5 லட்சமாகவும் 1.5 லட்சமாகவும் உயர்ந்தது. உயர்த்தியதில் குறை காண மாட்டேன். ஆனால் எது படுகாயம், எது சிறு காயம் என்பது எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? சட்டம் 'கொடுங்காயம்' என்று கொள்வது எலும்பு முறிவு, பார்வை இழப்பு, காது கேளாமை, உறுப்பிழப்பு போன்ற சிலவற்றையும், குறிப்பிட்ட நாட்கள் கடும் வலியில் கிடத்தும் காயத்தையும் ஆகும். அந்த நாட்கணக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 20 ஆக இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 15. நாங்கள் 'ஏ.ஆர்.' என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டில், ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்து குவியும் இரவில், அவசர அவசரமாக எழுதப்படும் இரண்டு வரிகள்தான் பின்னால் காயச் சான்றிதழாகவும் நிவாரணப் பட்டியலாகவும் மாறுகின்றன.

காயமோ அந்த இரவோடு முடிவதில்லை. தலையில் அடிபட்ட முதியவர் அன்று பேசிக்கொண்டே நடந்து போவார். மூளை உறைக்கு அடியில் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம் மூன்று நான்கு வாரங்கள் கழித்தே தள்ளாட்டமாகவும் குழப்பமாகவும் தலைகாட்டும். துப்பாக்கிக் குண்டு நொறுக்கிய எலும்பில் சீழ் பிடித்தால், ஆறியது போலிருந்து மறுபடி மறுபடி உடைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும்.

வேறொரு ஊர்ப் போராட்டத்தின்போது என் கையால் கட்டுப் போட்ட ஓர் இளைஞரை நான் மறக்கவில்லை. இடது முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் ஒரே இடத்தில் முறிந்திருந்தது. தலையில் விழவிருந்த தடியைத் தடுக்கக் கையை உயர்த்துகிறவர்களுக்கு அடிக்கடி ஏற்படும் முறிவு அது. எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, "படியில் விழுந்துவிட்டேன், சிஸ்டர்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை, கதவருகே நின்ற சீருடையாளர் மீதே இருந்தது. பதிவேட்டிலும் படியில் விழுந்ததாகவே எழுதப்பட்டது. பல மாதங்கள் கழித்து ஒரு கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. மீதிச் சில்லறையை வாங்க உள்ளங்கையை முழுதாக மேலே திருப்ப முடியாமல், உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து வாங்கினார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்க வாய்ப்பில்லை.

இதுதான் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் முதன்மையான செய்தி. காயத்தைக் காட்டினால் வழக்கில் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சம், காயத்தைவிட ஆழமாகப் பாய்கிறது. காயம்பட்டவரே கலவரக்காரர் என்று கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை, மருத்துவமனைக்கு வராமல் எலும்பு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொள்பவர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். அரசின் கணக்கும் குறைந்தே காட்டும்.

சிலி நாட்டில் 2019ஆம் ஆண்டுப் போராட்டங்களில் காவல்துறையின் குண்டுகளாலும் கண்ணீர்ப்புகைக் குப்பிகளாலும் நூற்றுக்கணக்கானோர் கண்ணில் காயமடைந்தபோது, அவர்களுக்கென்றே சிகிச்சைத் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசு தொடங்க வேண்டியதாயிற்று. அது போதவில்லை என்ற குறை அங்கே வலுவாக எழுந்தது. குறை சொல்வதற்காவது ஒரு திட்டம் அங்கே இருந்தது.

தங்களிடம் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் அல்ல. போராட்டத்தில் காயமடைந்து வருபவரிடம் விவரம் கேட்கும்போது மருத்துவரும் செவிலியரும் தவிர வேறெவரும் அருகில் நிற்கக் கூடாது என்றும், பதிவேட்டின் நகலை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றும் சுகாதாரத் துறையோடு கலந்து ஓர் ஆணை பிறப்பியுங்கள். முதல் நாள் வகைப்பாட்டை இறுதியாகக் கொள்ளாமல், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மருத்துவக் குழு மறுபடி பரிசோதித்து நிவாரணத்தைத் திருத்த வழி செய்யுங்கள். தலையிலும் காறை எலும்பிலும் தடி படக் கூடாது என்பது பயிற்சித் திடலிலேயே சொல்லித் தரப்படும் பாடம். ஆகவே அந்த இடங்களில் பதிவாகும் ஒவ்வொரு காயத்துக்கும் பொறுப்பு அதிகாரி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பலத்தைப் பயன்படுத்தியபின் காயமடைந்தோருக்கு விரைந்து மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது காவலரின் கடமை என்று 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் கோட்பாடுகளும் சொல்கின்றன.

கல்லடி பட்டு வந்த காவலர்களுக்கும் நான் தையல் போட உதவியிருக்கிறேன். அவர்களுக்கு மருத்துவ விடுப்பும் துறையின் உதவியும் உண்டு; அது நியாயமே. அதே அக்கறையைத்தான் எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிறேன்.

முதல் வேலையாக, 2018 மே மாதம் தூத்துக்குடியில் நிவாரணம் பெற்றவர்களின் பட்டியலைத் தங்கள் துறைக் கோப்பிலிருந்து எடுத்து, 'சிறு காயம்' என்று எழுதப்பட்ட ஒவ்வொருவரையும் சிறப்பு மருத்துவ முகாம் ஒன்றுக்கு அழைத்துப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். அம்முகாமில் ஊதியமின்றிப் பணிபுரிய நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்