மானியம் கேட்கறதுக்கு முன்னாடி கணக்கு வேணும்

ஆசிரியருக்கு வணக்கம். நகரத்தோட நிலைத்த வளர்ச்சித் திட்டத்துக்கு மானியம் தேடப் போறாங்கன்னு உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், ரொம்ப சந்தோஷம், ஆனா எவ்வளவு பணம் வரும்னு இருக்கே தவிர வேலை எவ்வளவு நடந்திருக்குன்னு எப்படி அளப்பாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. மானியம் குடுக்கறவங்க முதல்ல கேட்கறதே அதத்தான். குழாய்த் தண்ணில எவ்வளவு கசிஞ்சு வீணாகுது, குப்பை எவ்வளவு தரம் பிரிச்சு வருது, இந்த ஆரம்பக் கணக்கு இல்லாம நாலு வருஷம் கழிச்சு முன்னேற்றம்னு எதைக் காட்டுவாங்க? நான் இருந்த குடியிருப்போர் குழு மழைநீர் வடிகாலுக்குப் போட்ட விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்துச்சு, எந்தத் தெருவுல எத்தனை நாள் தண்ணி நிக்குதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா பதிவு எங்கயும் இல்ல.

புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஐநா 2015ல ஏத்துக்கிட்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குல 11வது நகரங்களுக்கானதுதான், நகர சேவைகளை அளக்கறதுக்குன்னே ஐஎஸ்ஓங்கற சர்வதேசத் தர அமைப்போட 37120ங்கற தரநிலையும் 2014லயே வந்தாச்சு. அதுலேர்ந்து ஒரு பத்து அளவீட்ட எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அதிகாரிய பொறுப்பாக்கி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மக்கள் பார்க்கற மாதிரி வெளியிடணும், இலக்கு தவறினா அதையும் சேர்த்து. விண்ணப்பம் எழுத உட்கார்றதுக்கு முன்னாடியே கவுன்சில் இதுக்குத் தீர்மானம் போடணும்.