எச்.ஐ.வி. உள்ள குடிவரவுப் பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அபாயத்தை முன்கூட்டியே கண்டறிய 2025 மார்ச் முதல் பாப் பரிசோதனைக்குப் பதிலாக எச்.பி.வி. பரிசோதனை நடைமுறைக்கு வந்திருப்பதைப் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 25 முதல் 69 வயது வரையான பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும் என்று அதில் இருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு அந்த இடைவெளி மூன்று ஆண்டுகள்தான் என்பது விடுபட்டுப்போனது பெருங்குறை.

எச்.பி.வி. உடலுறவின் மூலம் வெகு சாதாரணமாகத் தொற்றுகிற வைரஸ்; உடலில் நீங்காமல் தங்கினால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பெரும்பாலான பெண்களின் உடல் அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீக்கிவிடுகிறது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடலிலோ அது நீங்காமல் தங்கிவிடுவதுண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இப்பெண்களுக்கு ஆறு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கனடாவுக்கு நிரந்தரமாகக் குடிவர விண்ணப்பிக்கும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 2002 முதல் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். ஆகவே குடிவரும்போதே தொற்று இருந்தால் அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். அப்படியிருந்தும் கருப்பைக் கழுத்தைப் பற்றி எவரும் பேசாமலே பல ஆண்டுகளைக் கழித்த பெண்களை ஸ்காபரோவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நான் சந்தித்திருக்கிறேன்.

எச்.ஐ.வி. சிகிச்சை நிலையமொன்றில் ஒரு தாய் கதவருகே என்னைக் கண்டதும் முகம் மாறி, "தமிழ் ஆக்கள் வேண்டாம்" என்று தாதியிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மீது வருத்தமில்லை. கோயிலிலும் கலியாண வீட்டிலும் எதிர்ப்படக்கூடிய ஒருவரிடம் தன் நோயை எப்படி ஒப்படைப்பார்? வேறு நகரத்திலிருந்து, பெயர் சொல்லாமல், தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்குசெய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்த வசதி எல்லா நிலையங்களிலும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

தொற்றில்லாத பெண்களின் தயக்கம் வேறு விதமானது. "நான் ஒழுங்கா வாழ்ந்தனான், எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்று கேட்பவர்கள் உண்டு; கணவரையோ மகனையோ மொழிபெயர்க்க அழைத்து வந்து, அவர்கள் முன்னிலையில் வாய் திறக்க முடியாமல் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. வாழ்க்கையில் ஒரேயொருவருடன் மட்டும் உறவு கொண்டிருந்த பெண்ணுக்கும் இவ்வைரஸ் தொற்றலாம், பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கலாம். இலங்கையில் பள்ளி மாணவிகளுக்கு இதற்கான தடுப்பூசி 2017இல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முன் படிப்பை முடித்து இங்கு வந்தவர்களை அது எட்டவேயில்லை.

கனடாவின் மற்றொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 ஜனவரி முதல் பெண்கள் எச்.பி.வி. பரிசோதனைக்கு வீட்டிலேயே தாமாக மாதிரி எடுத்து அனுப்பலாம். ஆண் வைத்தியர் முன் படுக்கக் கூசும் நம் பெண்களுக்கு இதைவிட உதவியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒன்ராறியோ முழுவதும் இதைத் தமிழ் விளக்கத்துடன் வழங்க வேண்டும்.

தங்கள் அடுத்த இதழில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான மூன்று ஆண்டு இடைவெளியைத் தனிக் கட்டமாகப் போட்டு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு மருத்துவ மொழிபெயர்ப்பாளர்,
ஸ்காபரோ