ஜால்ராவின் கார்வை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுவிடு.

இரண்டு மாதமாக நான் ஒரு மெய்நிகர் மண்டபத்தில் நடக்கும் பஜனைக்குப் போகிறேன். ஹெட்செட்டை மாட்டினால் தூண், மேடை, குத்துவிளக்கு எல்லாம் கண்முன்னே. முதல் நாள் தம்புரா போட்டேன். நாலு வினாடி கேட்டது, அப்புறம் கரைந்தே போய்விட்டது. ஒரே சீராக வருவதால் அதையும் ஃபேன் சத்தமாக எடுத்துக்கொண்டு இரைச்சல் நீக்கி துடைத்துவிட்டது! ஜால்ராவோ டம்ளர் மூடியைத் தட்டியதுபோல ‘டக் டக்’ என்றது. அந்த மண்டபத்தின் மாடியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார், நான் எதிரே தேடிக்கொண்டு நின்றேன்.

மண்டபத்தை நடத்துகிறவர்களிடம் சொன்னால், “பேச்சுதான் புரிகிறதே, இதற்கு மேல் நெட் தாங்காது” என்றார்கள். அது போதாதுடா. மனிதக் காது கேட்பது 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து, 20,000 வரை (நம் வயதுக்கு மேல்பக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும்). பழைய தொலைபேசி கொண்டுபோனது 300 முதல் 3,400 வரைதான். அதில் ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று திருப்பிக் கேட்டுச் சமாளித்தோம். ஆனால் நாலு பக்கமும் ஆள் நிற்கும் உலகத்தில் மேல் அதிர்வெண்களை வெட்டினால் இடமே தொலைந்துபோகிறது. இடமா வலமா என்பது இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் தெரிந்துவிடும். மேலா கீழா, முன்னாலா பின்னாலா என்பதைப் பெரும்பாலும் காது மடலின் மேடுபள்ளம்தான் சொல்கிறது. அந்த மடிப்புகள் சின்னவை. அதனால் சின்ன அலைகளைத்தான், அதாவது சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலானவற்றைத்தான், அவை நன்றாக மாற்றும். கண்ணை மூடிக்கொண்டு, உன் பேரனைச் சாவிக்கொத்தை உன் தலையைச் சுற்றி ஆட்டச் சொல். பிறகு மடல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார், தடுமாறுவாய்.

நெட் தாங்காது என்று அவர்கள் சொன்னதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. டிஜிட்டல் தொலைபேசி அந்த 3,400 ஹெர்ட்ஸை அனுப்பவே வினாடிக்கு 64 கிலோபிட் செலவழித்தது. 2012-ல் தரமாக ஏற்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை அதே 64-ல் 20,000 ஹெர்ட்ஸ் வரை பாட்டை நன்றாகவே கொண்டுபோகிறது, அதுவும் இலவசமாக. யாரும் கேட்காததால்தான் செய்யாமல் விடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் கேட்டோம். பாடுபவர்களுக்கு மட்டும் இரைச்சல் நீக்கியை எடுத்துவிட்டு, மேல் அதிர்வெண்களும் வரும்படி வினாடிக்கு 48,000 தடவை ஒலியை அளக்க மாற்றிக் கொடுத்தார்கள். எதிரொலி வராமலிருக்க எல்லோரும் ஹெட்போன் போட்டுக்கொண்டோம். போன வாரம் ஜால்ராவைத் தட்டியதும் அந்தக் கார்வை மெல்ல மெல்ல அடங்கும்வரை கேட்டது. யாரும் அடுத்த அடியை எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி கீழ்ப்பக்கம் பாக்கி. என் குட்டி ஹெட்போனில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கம், ‘தொம்’ என்று இறங்கவில்லை, இதைவிட நல்ல ஹெட்போனில் இறங்குமா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வந்துவிடு. உன் மிருதங்கத்தில் ரவை ஒட்டித் தயாராக இரு, மைக்கைத் தொப்பிப் பக்கம் வை.

அன்புடன்,
ரகு