உங்கள் குளோரின் மாத்திரையால் பச்சையான நீச்சல் குளம்: புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குளோரின் மாத்திரை, டெஸ்ட் கிட் தொடர்பாகத் தந்த தவறான ஆலோசனைக்கு இழப்பீடு கோருதல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், "முதலிலிருந்து சொல்லுங்க சார்" என்கிறார், நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறேன். யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரே பதில்தான்: "இன்னும் ரெண்டு மாத்திரை போட்டுப் பாருங்க."

ஆள் வைக்காமல் குளத்தை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் உங்கள் மாத்திரையையும் டெஸ்ட் கிட்டையும் சேர்த்து வாங்கினேன். பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம். உங்கள் கையேட்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் வைத்திருந்தேன். தேதி போட்டு எழுதிய நோட்டு இருக்கிறது, பிரதி இணைத்திருக்கிறேன். அப்படியும் குளம் பச்சையாகிவிட்டது. படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்குகிறது.

உங்கள் ஊழியர் ஒருவர் லிக்விட் குளோரினைத் தாராளமாக ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மறுநாள் டெஸ்ட் குழாயில் சொட்டு விட்டதும் ஒரு கணம் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது, குலுக்குவதற்குள் நிறமே இல்லாமல் வெளுத்துவிட்டது. இதை அப்படியே போனில் சொன்னேன். "கலர் வரலைன்னா குளோரின் இல்லைன்னு அர்த்தம். உங்களுக்குக் கலர் பார்க்கத் தெரியாதா? வீட்டில் வேற யாராவது இருந்தா குடுங்க" என்றார். இந்த வயதில் எனக்கு இது தேவையா? குளோரின் அளவுக்கு மீறிப் போனால் அதுவே சோதனை நிறத்தை வெளுக்கடித்துவிடும், மாதிரியில் குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைக் கலந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது உங்கள் கிட்டை விற்கிற உங்களுக்கே தெரியாதா? அவர் பேச்சை நம்பி மேலும் மாத்திரை போட்டதில் பேரனுடைய நீலக் கால்சட்டை வெளிறியதுதான் மிச்சம்.

அப்புறம் உங்கள் சர்வீஸ் சென்டர் கதை. தண்ணீரைப் புட்டியில் பிடித்து வரச் சொன்னதே நீங்கள்தான். வெயிலில் அவ்வளவு தூரம் வந்தால், சோதிக்கிறவர் லீவாம். புட்டியை வைத்துவிட்டுப் போகவா என்றதற்கு, நாள்பட்ட தண்ணீரில் அளவு சரியாக வராதாம். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அன்று உங்கள் வாசலில் நின்றுகொண்டு நான் வாய்க்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் வேறொரு இடத்தில் காசு கொடுத்துச் சோதித்தேன். சயனூரிக் அமிலம், அதாவது குளோரின் வெயிலில் சீக்கிரம் வீணாகாமல் காக்கிற ஸ்டெபிலைசர், 150 பிபிஎம்முக்கு மேல்! 30 முதல் 50 வரை இருந்தால் போதும். எங்கிருந்து வந்தது? உங்கள் மாத்திரையிலிருந்துதான். அது ட்ரைகுளோர் என்கிற, ஸ்டெபிலைசரும் சேர்ந்த குளோரின் வகை. அது 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிறது. குளோரின் தீர்ந்துவிடும், இது தீராது, ஆவியாகவும் போகாது. ஏறிக்கொண்டே போய்க் குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கிட்டில் 3 பிபிஎம் காட்டினாலும் பாசியைக் கொல்லத் தெம்பு இருப்பதில்லை. தண்ணீரை இறக்கிப் புதிதாக நிரப்புவதுதான் வழி. இதைத் தயாரிக்கிற உங்களிடம் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள். டப்பாவில் "ஸ்டெபிலைசர் சேர்ந்தது" என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அதை அளக்கும் சோதனை கிட்டில் இல்லை. அது கூடினால் என்ன ஆகும் என்று ஒரு வரி கையேட்டில் இல்லை.

குளத்தில் முக்கால்வாசித் தண்ணீரை வெளியேற்றினேன். தண்ணீர்ச் செலவு, இராப்பகலாக ஓடிய பம்பின் மின்சாரம், வீணான மருந்துகள், விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் ஏமாற்றம்... ஒரு கோடையே போய்விட்டது. இதற்கெல்லாம் யார் விலை போடுவது?

உங்கள் நிறுவனத்தின் மீது இன்னமும் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன். பிரிக்காத மாத்திரை டப்பாக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள். கிட்டின் விலையையும் தண்ணீர்ச் செலவையும் ஈடு செய்யுங்கள். என்னிடம் அப்படிப் பேசியவரின் அழைப்புப் பதிவை நீங்களே ஒரு முறை போட்டுக் கேளுங்கள். சரி, அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, அந்த டெஸ்டை ஒரு தடவை அவர் கையால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் நோட்டு, ரசீது, சோதனை அறிக்கை எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வக்கீலிடம் பேசியாயிற்று.

பதில் எழுத்தில் வரட்டும். தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்