சுவருக்குள் பஞ்சு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இரண்டு வாரமாகக் கடிதம் போடவில்லை. சுவரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு பழையது என்று எழுதியிருந்தேனே. செங்கல் கிடையாது, மரச்சட்டம்தான். உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை, நடுவில் 90 மி.மீ. இடைவெளி, அதுவும் காலி. போன குளிரில் பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, மூலையில் கரும்பூஞ்சை. கூரை ஒழுகுகிறதோ என்று பயந்தேன். ஒழுகல் இல்லை. ஜில்லென்ற தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்குமே, அந்தக் கதைதான்.

அந்தக் காலி இடத்தில் குளிரைத் தடுக்கும் பஞ்சை அடைப்பது என்று முடிவு செய்தேன். ஆள் வைத்தால் கட்டுபடியாகாது என்று நானே இறங்கினேன். உடைப்பதற்கு முன், தூசி நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதித்தாயிற்று, இல்லை. பழைய வயரிங்கை எலெக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். நான் அதில் கை வைக்கவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

அடைத்தது, கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு. ரொட்டி அறுக்கும் பல் கத்தியே போதும், அழகாக வெட்டுப்படும். முதல் அறையில் பேராசைப்பட்டு 140 மி.மீ. கனமுள்ளதை வாங்கித் திணித்தேன். குளிரைத் தடுப்பது பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதானாம். அமுக்கினால் அது குறைந்துவிடும். 140க்குரிய பலனும் இல்லை, மேலே அடித்த பலகையும் வயிறு தள்ளி நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கி, 90இலேயே வாங்கி, அகலத்தில் மட்டும் ஒரு செ.மீ. கூட விட்டு வெட்டினேன். ஆணி இல்லாமலே சட்டத்துக்குள் கவ்விக்கொண்டது.

அதன்மேல், அறைப் பக்கமாக, ஈரம் புகாத தாள். குளிர் ஊரில் சூடான பக்கம்தான் அது வர வேண்டும். வெளிப்பக்கம் போட்டால் சமையல், குளியல் ஆவியெல்லாம் சுவருக்குள் சிக்கி மரம் அழுகிவிடும்.

முடிந்தது என்று நினைத்து, சுவிட்சுப் பெட்டி ஓரமாக ஊதுவத்தியைக் காட்டிப் பார்த்தேன். புகை நேராக எழாமல் படக்கென்று அறைக்குள் சாய்ந்தது. அவ்வளவு சின்ன இடுக்கில் அவ்வளவு காற்று! அப்புறம் ஒவ்வொரு பெட்டியின் ஓர இடுக்கையும் அடைத்தேன்.

சுவர் மூச்சு விட வேண்டும் என்பீர்களே, அதற்காகக் குளியலறையில் ஈரக் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி போட்டிருக்கிறேன். படுக்கையறை இன்னும் பாக்கி. முழுக்கைச் சட்டை போட்டும், பஞ்சு பட்ட கை அரிப்பு நிற்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகன்